சங்கம் என்றால் யார்?

எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தில் மொத்தம் இருபத்து நான்கு வீடுகள். சங்கத்துக்குச் செயலாளரைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கென்று ஒரு முறை உண்டு: கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர்தான் செயலாளர். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வடபழனியில் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

பதவி வேண்டாமென்று இரண்டு நாள் முணுமுணுத்தேன். மூன்றாம் நாள் ரப்பர் ஸ்டாம்ப் கைக்கு வந்தது. முணுமுணுப்பு நின்றது. மாடிப்படி இறங்கும் நடையே மாறிவிட்டது என்றாள் என் மனைவி. "வீட்ல எந்த ஸ்விட்ச் எதுக்குன்னு தெரியாது, இதுல செகரெட்டரி வேற!" நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று காலைதான் தண்ணீர் லாரிக்காரர் எனக்கு வணக்கம் வைத்திருந்தார்.

அந்த மயக்கத்தில் இருந்தபோதுதான் மூன்றாம் மாடிக்காரர் வந்தார். வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், புதிதாகக் கார் வாங்கியிருந்தார். கேட்டை ஒட்டிப் புங்க மர நிழலில் நிற்கும் அயன் வண்டியை எடுத்துவிட்டால் கார் அங்கே சௌகரியமாக நிற்கும் என்றார். "எல்லாரும் அதைத்தான் ஃபீல் பண்றாங்க சார்." எல்லோரும் என்றால் யார் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஸ்டாம்புக்கு ஒரு வேலை வந்ததே என்றுதான் தோன்றியது. 'மூன்று நாட்களுக்குள் வண்டியை அகற்றவும். இப்படிக்கு, சங்கம்' என்று எழுதி, முத்திரை குத்தி, கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன்.

அயன்கார அம்மா பத்தொன்பது வருடமாக அந்த நிழலில் நிற்கிறவர். அந்த இடம் போனால் அவருக்குப் பிழைப்பே போயிற்று. சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு மரத்தடியிலும் ஏற்கெனவே ஒரு வண்டி உண்டு. நோட்டீஸை நிதானமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சங்கம்னா யாரு சார்?"

"எல்லாரும்தான்."

"எல்லாரு துணியும் என்னாண்டதான கீது. ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லலியே?"

"அதெல்லாம் மெஜாரிட்டி முடிவும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பொய்தான். அதைச் சொன்னபோது என் குரலில் ஏறிய கம்பீரத்தை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அன்று மாலை துணி கொடுக்க மாடி மாடியாக ஏறினார். ஒவ்வொரு வாசலிலும் மடித்த துணியை நீட்டி ஒரே கேள்வி: "வண்டிய எடுக்கணும்னு நீ சொன்னியாம்மா?" எங்கள் கட்டிடத்தில் படிக்கட்டில் பேசுவது எல்லா வீட்டுக்கும் கேட்கும். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "நானா? ஐயையோ!" என்றது ஒரு குரல். "எங்காத்துல யாரும் சொல்லலையே" என்றது இன்னொன்று. மூன்றாம் மாடிக்காரர் குரலும் தெளிவாகவே இறங்கி வந்தது: "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எல்லாம் செகரெட்டரி பண்றது."

கடைசியாக எங்கள் வீடு.

"இருபத்தி மூணு வூட்லயும் இல்லன்ட்டாங்க சார். மிச்சம் உன் வூடுதான்."

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "எங்க வீடும் சொல்லலைம்மா. அவர் மட்டும்தான்."

இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலைவரை இருபத்து நான்கு வீட்டின் பலமும் என் பின்னால் நிற்பதாக நினைத்திருந்தேன். ஒரே ஒரு கேள்வியில் தனி ஆளாகிவிட்டேன். பெரிய இடங்களிலும் இப்படித்தானோ என்று அன்றிலிருந்து ஒரு சந்தேகம். 'மக்களின் விருப்பம்' என்று யாராவது அறிக்கை விட்டால், எந்த மாடிக்கு ஏறிக் கேட்டீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

மறுநாள் காலை நோட்டீஸை உரிக்கப் போனேன். பசை கெட்டியாகப் பிடித்திருந்தது. துணிக்குத் தெளிக்கும் தண்ணீரை அந்த அம்மாவே கொண்டுவந்து தெளித்தார்.

"நாளைக்கு வேற யார்னா வந்து ஒட்டச் சொன்னா இன்னா பண்ணுவ?"

"சொன்னவங்க பேரையும் வீட்டு நம்பரையும் போட்டுத்தான் ஒட்டுவேன்."

அடுத்த கூட்டத்தில் அதைத் தீர்மானமாகவே கொண்டுவந்தேன். ஒருமனதாக நிறைவேறியது. அதன் பிறகு, வண்டியை எடுக்கச் சொல்லி இதுவரை நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டினேன். "யோசிச்சு சொல்றேன் சார்" என்று நான்கு பேரும் மாடி ஏறிவிட்டார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.