வண்டிக்கு வாசக்கால்

எங்கள் பெரியப்பாவின் ஜீப்புக்கு கியர் பாக்ஸ் உடைந்ததும், எங்கள் வீட்டில் புது அறை கட்டி வாசக்கால் வைத்ததும் ஒரே மாதத்தில் நடந்தன. இரண்டும் வேறு வேறு மாதங்களில் வந்திருந்தால் நான் அந்தக் காரியத்தைச் செய்திருக்கவே மாட்டேன். அப்போது எனக்கு எட்டு வயது. ஓரிடத்தில் பார்த்ததை அடுத்த இடத்தில் செய்து பார்க்காவிட்டால் தூக்கம் வராத வயது.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் சாலையை ஒட்டி எங்கள் வீடு. பெரியப்பா காலையில் மலைக்கு ஆள் ஏற்றிப்போவார். மாலையில் மரவள்ளி மூட்டையும் புளியும் பலாப்பழமும் ஆட்களுமாக இறங்கி வருவார். ஒன்பது பேர் உட்காருகிற வண்டியில் பதினெட்டுப் பேர் இருப்பார்கள். பின்னால் தொங்குகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை. ஒருநாள் மூன்றாவது வளைவில் வண்டி பெரிதாக ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. டிராக்டரில் கட்டி இழுத்துவந்து வாசலில் விட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கியர் பாக்ஸின் கூடே வெடித்துவிட்டது, இந்த வண்டிக்கு இனிமேல் இது கிடைக்காது என்று சொல்லி, முதுகில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் போய்விட்டார். பெரியப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவர் காயலான் கடைக்காரரிடம் போனில் பேசியது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

அப்போது அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டில் இருந்தார். சேலத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். யார் கேட்டாலும் லீவில் வந்திருக்கிறான் என்று அம்மா சொல்வாள். ஆறு மாதமாகியும் அந்த லீவு முடியவில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கும். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசும்போது கேட்டதை எல்லாம் ஒட்டவைத்துப் பார்த்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: மாமா பற்றவைத்த ஒரு லாரியின் ஏறுபடி கழன்று விழுந்து, அதில் நின்றிருந்த கிளீனருக்குக் கால் முறிந்துவிட்டது. பட்டறையில் யாரும் மாமாவைப் போகச் சொல்லவில்லை. அவரே வந்துவிட்டார். கூடவே கொண்டுவந்த வெல்டிங் மெஷின் மாட்டுக் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. அதன்மேல் எங்கள் கோழி அடைகாக்க உட்கார்ந்திருந்தது.

காயலான் கடைப் பேச்சு வந்த அன்று, அம்மா மாமாவுக்குச் சோறு போட்டுவிட்டு, வண்டியைப் போய்ப் பார் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை சொன்னாள். மூன்றாம் முறை தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். மாமா கையைக் கழுவிக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் படுத்தார்.

இரண்டு நாள் கழித்து சேலத்துக்குப் போய், ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றிய கியர் பாக்ஸை பஸ்ஸின் மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். பழையதைவிட அது நான்கு விரற்கடை நீளம். முன்பக்கம் எப்படியோ எஞ்சினோடு சேர்ந்துவிட்டது. பின்பக்கம்தான் தொல்லை கொடுத்தது. கியர் பாக்ஸின் பின்பாதியை அடியிலிருந்து தாங்குவதற்கு, வண்டியின் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் குறுக்கே ஓர் இரும்பு இருக்கும். கிராஸ் மெம்பர் என்பார்கள். பழைய கிராஸ் மெம்பருக்கு இந்தப் புது கியர் பாக்ஸின் கால் எட்டவில்லை. கடையில் போய்க் கேட்கவும் முடியாது. இந்த ஜோடி உலகத்திலேயே எங்கள் வாசலில் மட்டும்தான் இருந்தது. புதிதாக ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும்.

"லாரிப் படியவே நிக்க வைக்கத் தெரியாதவன், கியர் பாக்ஸ நிக்க வச்சுடுவானா?" என்றார் பெரியப்பா. மாமா காதில் விழ வேண்டும் என்றே சொன்னார். பிறகு, ஆள் ஏற்றி வெள்ளிமலை வரைக்கும் வண்டி ஒழுங்காகப் போனால், சாலையோரம் கொட்டகை போட்டுத் தருகிறேன், இங்கேயே தொழில் செய்துகொள்ளட்டும் என்றார். போகாவிட்டால் வண்டியோடு அந்த மெஷினையும் காயலானுக்கு ஏற்றிவிட்டு, பெங்களூர் பக்கம் கட்டட வேலைக்குப் போகட்டும் என்றார். அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. மாமா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாமா எடுத்தவுடனே எதையும் வெட்டவில்லை. ஒரு நாள் முழுக்கச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். கொத்தனார் விட்டுப்போயிருந்த தண்ணீர் மட்டக் குழாயைப் பிடித்து, வண்டி நேராக நிற்கிறதா என்று பார்த்தார். மிக்ஸி வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் நறுக்கி, வண்டிக்கு அடியில் வைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு கோணல் உருவத்துக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு செய்ததுதான் ஊரையே சிரிக்க வைத்தது. எங்கள் எல்லாரையும் வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டார். நான்கு மரவள்ளி மூட்டையும் ஏற்றினார். நகராத வண்டியில் பதினேழு பேர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டுத் தாத்தா, சின்னசேலம் வந்தால் எழுப்பச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"காலி வண்டி பொய் சொல்லும்" என்று அடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "இது என்னிக்கி காலியா போயிருக்குது?"

யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஒரு பழைய டிப்பரிலிருந்து கழித்துப்போட்ட கனமான சதுரக் குழாயை எடுத்துவந்தார். சைலன்சருக்கு வழிவிட வேண்டுமென்றால் அந்தக் குழாய் ஒரு பக்கம் கீழே மடங்கி மறுபடியும் மேலே ஏற வேண்டும். அவர் அதை வளைக்கவில்லை. குழாயின் ஒரு முகத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற மூன்று முகங்களிலும் முக்கோணமாக வாயைப் பிளந்தார். பிளந்ததை அழுத்தி மூடியதும் அவ்வளவு பெரிய இரும்பு அப்பளப் பூ மாதிரி மடங்கிக்கொண்டது. அட்டையை அதன்மேல் வைத்தார். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. இரும்பு என்றால் எப்போதும் அப்படியே இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கேட்கிறவர் கேட்டால் அதுவும் கேட்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். உலகத்தில் மாமாவுக்குத் தெரியாதது எதுவுமில்லை, அவர் பயப்படுவதற்கும் எதுவுமில்லை என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

பற்றவைக்கும் நேரம் வந்தது. கோழியை இறக்கிவிட்டு மெஷினைத் தூக்கி வந்தார். கண்ணாடி மூடியை முகத்தில் இறக்கினார். மறுபடி தூக்கிவிட்டு, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். திரும்பவும் இறக்கினார், தூக்கினார், தண்ணீர் குடித்தார். மூன்று முறை இப்படி நடந்தது. பாவம் மாமாவுக்கு வெயிலில் என்ன தாகம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். அப்போதுதான் இந்தக் குறுக்கு இரும்பு எதற்கு என்று அவரிடம் கேட்டேன்.

"வூட்டுக்கு வாசக்கால் மாதிரி வண்டிக்கு இது" என்றார். "இது எறங்குனா எல்லாம் எறங்கிடும்."

எனக்கு அது போதுமாக இருந்தது. போன வாரம்தான் புது அறைக்கு வாசக்கால் வைத்திருந்தார்கள். மஞ்சள் துணியில் நவதானியமும் ஒரு ரூபாய்க் காசும் முடிந்து, நிலைக்கு அடியில் குழியில் போடச்சொல்லி என் கையில்தான் கொடுத்தார்கள். இதைப் போட்டால் நிலை எந்தக் காலத்திலும் இறங்காது என்று கொத்தனார் சொன்னார். வண்டிக்கும் வாசக்கால் வைக்கிறார்கள், ஆனால் ஒருவருக்கும் முடிச்சு போட வேண்டும் என்ற நினைவே இல்லை. பெரியவர்களின் அசட்டையை எண்ணி எனக்கு வருத்தமாக இருந்தது. சாமி மாடத்தில் மிச்சமிருந்த தானியத்தை அள்ளினேன், ஐஸுக்கு வைத்திருந்த என் சொந்த ரூபாயைச் சேர்த்தேன், மஞ்சள் துணியில் முடிந்தேன். மாமா மெஷினின் ஒயரைச் சரிபார்க்கத் திரும்பிய நேரத்தில் குழாயின் வாய்க்குள் முடிச்சைத் தள்ளிவிட்டு, மாமாவைப் பெங்களூருக்கு அனுப்பிவிடாதே என்று வேண்டிக்கொண்டு, மாட்டுக் கொட்டகைக்கு ஓடிப்போய் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்பது மாமாவின் கட்டளை. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு சர்ரென்று சத்தம் கேட்டது. கொட்டகைச் சுவரெல்லாம் நீலமாக மின்னியது.

அன்றைக்கே குழாயின் இரண்டு வாயையும் மூடிவிட்ட மாமா, மறுநாள் அதன் நடுவில் கியர் பாக்ஸின் கால் உட்காரும் தகட்டைப் பற்றவைத்தார். வாசலெல்லாம் பயறு வறுபடுகிற வாசனை வந்தது. எவளோ பயறு வறுக்கிறாள் என்று பெரியப்பா மூக்கை உறிஞ்சினார். நான் மூச்சுவிடவில்லை. மாமா கண்ணாடி மூடியைத் தூக்காமலே பற்றவைத்து முடித்தார். இரண்டு பக்கமும் போல்ட் போட்டு முடுக்கி, முதுகு மண்ணைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

அடுத்த நாள் காலையில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டி கிளம்பியது. பெரியப்பா ஓட்டினார், மாமா பக்கத்தில் இருந்தார். நான் பின்னால் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தேன். மலையில் ஏறுகிறவர்கள் வழக்கம்போலத் தொங்கிக்கொண்டு வந்தார்கள். முதல் வளைவு ஏறியது. கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது என்று பெரியப்பாவே சொன்னார். இரண்டாவது வளைவில் அடியிலிருந்து கிலுங் என்று ஒரு சத்தம். அடுத்த திருப்பத்தில் எதிர்ப்பக்கமாக ஒரு கிலுங். பெரியப்பா வண்டியை ஓரங்கட்டினார்.

"இன்னா சத்தம் அது?"

எல்லாரும் இறங்கினார்கள். மாமா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் போனார். அவர் அந்தக் குழாயைத் தட்டத் தட்ட, உள்ளே என் ஒரு ரூபாய் பதில் சொன்னது. எனக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் என்று சொல்ல இரண்டு அடி முன்னால் போய், திரும்பிக்கொண்டேன். கீழே கோமுகி அணைத் தண்ணீர் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா வெளியே வர வெகுநேரம் ஆனது. வந்ததும் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பெரியப்பாவுக்கு நேராக நின்றார்.

"என் தப்புதாங்க. மூடறதுக்கு முன்ன உள்ள சுத்தம் பண்ணியிருக்கணும். பண்ணாம வுட்டுட்டன். வேணும்னா இங்கயே எறங்கிக்கறன். ஆனா இரும்பு கெட்டியா இருக்குது, அதுல சந்தேகம் வாணாம்."

பெரியப்பா எல்லாரையும் ஏறச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். மேலே போகப் போக வளைவுக்கு வளைவு கிலுங் கிலுங் என்று கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் உயிர் போய்ப் போய் வந்தது. வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்ததும் பெரியப்பா தானே அடியில் படுத்து அந்தக் குறுக்கு இரும்பை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். காலைக் கொடுத்து உதைத்தார். அது அசையவில்லை. எழுந்து வந்து டீக்கடையில் டீ சொல்லி, முதல் கிளாஸைத் தன் கையாலேயே எடுத்து மாமாவிடம் கொடுத்தார். நான் மூட்டையின்மேல் உட்கார்ந்து அழுதேன். ஏன் அழுகிறாய் என்று கேட்டவர்களிடம் வயிற்று வலி என்றேன்.

சொன்னபடியே சாலையோரத்தில் கொட்டகை வந்தது. குழாயை அறுத்து உள்ளே இருப்பதை எடுத்துவிடவா என்று மாமா கேட்டபோது, நிற்கிறதை நோண்டாதே என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அந்தச் சத்தம் அப்படியே தங்கிவிட்டது. மலைப்பாதையில் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் ஹாரனைக் கேட்டு எழுந்தது கிடையாது. கிலுங் கேட்டால்தான் மூட்டையைத் தூக்குவார்கள்.

வளர்ந்து பெரியவளானதும் எனக்குள் நானே ஒன்று முடிவு செய்துகொண்டேன். தட்டிய மாத்திரத்தில் மாமாவுக்கு அது காசு என்று தெரிந்திருக்கும், யார் போட்டது என்றும் தெரிந்திருக்கும், என்னைக் காப்பாற்றத்தான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் மாமாவைப் பற்றி நான் சொன்ன முதல் கதையே அதுதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமா கொட்டகையில் ஓர் இரும்புக் கேட்டுக்குக் குழாய்களின் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குழாயையும் எடுத்து, வாயைச் சூரியன் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்து, ஊதிவிட்டு, அப்புறம்தான் மூடினார். பத்துக் குழாய்க்கும் அப்படியே செய்தார். எல்லாவற்றையும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் மூடுவாயா மாமா என்று கேட்டேன்.

"பாக்காம எவனாவது மூடுவானா?"

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அப்படியென்றால் அன்றைக்கு ஜீப்புக்குச் செய்தது என்று இழுத்தேன். மாமா குழாயைக் கீழே வைத்தார்.

"பாத்தன். மஞ்சத் துணி தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் மாமா எடுக்கல?"

"எடுக்கத்தான் கைய வுட்டன்" என்றார். "அப்ப எனக்கு பயம்மா. அந்தக் கிளீனரு பையன் காலுதான் கண்ணுலயே நின்னுகினு இருந்துச்சி. கொயந்த ஏதோ வேண்டிக்கினு போட்டிருக்குது, இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டன். சூடு படாதுன்னு நடுவுல வேற தள்ளி வச்சன். நடுவுலதான் பிளேட்டு வரும்னு எனக்கு மறந்தே பூடுச்சி. துணி எரிஞ்சி காசு தனியா வந்துடுச்சி. தப்பு என்துதான்னு அன்னிக்கே சொன்னனே."

சொல்லிவிட்டு அடுத்த குழாயை எடுத்துச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். அன்று மலைப்பாதையில் எல்லார் முன்னாலும் அவர் சொன்னது அப்படியே உண்மை. அதை எனக்காகச் சொன்ன பொய் என்று இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பற்றவைக்கும் முன்னால் அவர் மூன்று முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். தாகம் என்று நினைத்து ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தேன்.