கிராணி தேடிய சொல்

மூவாரில் இரண்டு மாடிக் கடை, மூன்று லாரி, கோவிலுக்கு முன்மண்டபம். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் ஒற்றை ஆளாக உண்டாக்கியவை. எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன். சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய யாழ்ப்பாணக் கிராணியைப் போல ஒருவரைப் பார்க்கவில்லை.

ஒல்லி உடம்பு, வெள்ளைக் கோட்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதுமுன் நாலு சொல்லை வாய்க்குள் மென்று பார்ப்பார்.

ஒருநாள் பால்வெட்டுக்காரி முனியம்மா புதுக்காட்டில் நாற்பது ரப்பர் மரங்களை ஆழமாகச் சீவிக் காயப்படுத்திவிட்டாள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கிராணியிடம் அறிக்கை கேட்டார். அவளுக்கு வேலையும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

“கவனமில்லாததுக்கு இங்கிலீஷில கனக்கச் சொல் இருக்கு,” என்றார் கிராணி. “கேர்லெஸ் எண்டு எழுதினால் அவள் துலைஞ்சாள். அன்அவேர் எண்டால், அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவன் சொல்லேல்லை. ஆர் அவன்?”

கங்காணிக்குக் கையாளாக இருந்து, மரம் சீவுகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்த நான் முன்னால் வந்தேன்.

“நான்தாங்கய்யா. இளமரம், பட்டை மெல்லிசுன்னு சொல்ல மறந்துட்டேன். என் பேர எழுதுங்க.”

அவர் முகம் மலர்ந்தது. மறுபடி மென்றார். “உனக்கு ஆப்சென்ட் மைண்டட். ஆள் இங்க, மனம் வேற எங்கயோ. துரைக்கே அடிக்கடி வாற வியாதி, கோவிக்க மாட்டார்.”

துரை படித்துச் சிரித்தாராம். இருவர் வேலையும் தப்பியது. திட்டுவதற்கென்றே இருக்கும் சொற்களில் ஆளைக் காப்பாற்றும் சொல்லைத் தேடும் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்ததோ, இன்றும் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் கிராணிதான் காப்பாற்றினார் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். சொல் அவருடையது, சரி. குற்றத்தை ஏற்க ஓர் ஆள் வேண்டாமா? ஏற்றவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.