அண்ணைக்கு வந்த அமைதி

அண்ணை கோபப்படுவதை விட்ட பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அண்ணி இறந்தபின் அவர் கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டுக்கு வந்து சேர்ந்தார். கதவை யாரும் அடித்துச் சாத்தினால் சத்தம், சோறு குழைந்தால் சத்தம். அவர் படியேறி வருவது கேட்டாலே என் மகள் அறைக்குள் போய்விடுவாள். அப்படிப்பட்ட மனிதர், ஒருநாள் நான் அடிப்பிடிக்க விட்ட மீன்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லை" என்று சொல்லி எழும்பிப் போனார்.

முழங்கால் நோவுக்கு அக்குபங்சர் ஊசி குத்தப் பிளாசாக் கடையொன்றில் ஒரு சீன வைத்தியரிடம் போய்வந்தார் என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மா முழங்காலோடு நிற்கவில்லை. கோபம் ஈரலைக் கெடுக்கும், கவலை மண்ணீரலைக் கெடுக்கும், மனம் அடங்கினால்தான் உடம்பு நிலைக்கும் என்று சொல்லியிருக்கிறா. அண்ணை காலையில் பின்வளவில் மரத்தைக் கட்டிப்பிடித்தவர்போலக் கைகளை வளைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி நிற்பார். படுக்கமுதல் வெந்நீரில் காலை வைத்திருப்பார். உதெல்லாம் எனக்குப் பிரச்சினையில்லை. அவ கொடுத்து, அண்ணை சுடுதண்ணீரில் கலக்கிக் குடித்த மண்ணிறப் பொடியில்தான் எனக்குச் சந்தேகம்.

"உதுக்குள்ள என்ன கிடக்கு?"

"வேர்தான்."

"என்ன வேர்?"

"மனசை ஆத்துற வேர்" என்றார், சிரிக்காமல்.

வைத்தியர் நித்திரைக் குளிசையை இடித்துக் கலந்திருக்கிறா என்றே நினைத்தேன். கொஞ்சத்தைப் பையில் போட்டு எங்கள் பார்மசிக்காரரிடம் காட்டினேன். பார்த்து ஒன்றும் சொல்லமுடியாது என்றவர், பிரஷர் குளிசையோடு சேர்த்து எடுப்பதென்றால் டொக்டரிடம் கேட்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து அண்ணையின் பிரஷர் குளிசைப் போத்தலைத் திறந்தேன். முடியவேண்டிய போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை அண்ணைக்குச் சொல்லாமல் அந்த வைத்தியரின் கடைக்குப் போனேன். "பிரஷர் குளிசையை நிறுத்தச் சொன்னது நீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

வைத்தியரின் முகம் மாறியது. "எந்தக் குளிசையும் எடுப்பதில்லை, பிரஷரும் இல்லை என்றுதான் உங்கள் அண்ணன் சொன்னார்."

நான் நம்பவில்லை. அவ என்னைப் பொருட்படுத்தாமல் போனை எடுத்து அண்ணைக்கு அடித்து, பொடியை இன்றைக்கே நிறுத்தச் சொன்னா. பிறகு என் பக்கம் திரும்பி, "அதில் அதிமதுரம் இருக்கிறது. பிரஷரைக் கூட்டும்" என்றா. போனைப் படாரென்று மேசையில் வைத்தா. அது கோபமா, பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் அண்ணை கட்டிலில் இருந்தார்.

"அவவுக்கு ஏன் பொய் சொன்னீங்கள்?"

"உண்மையைச் சொன்னா மருந்து தரமாட்டா."

"குளிசையை ஏன் விட்டீங்கள்?"

"உன்ரை அண்ணி போனபிறகு எனக்குள்ள ஒரே சத்தம். இப்பதான் அடங்கிச்சுது. அது நானாய் அடங்கினதோ, குளிசை அடக்கினதோ எண்டு பாக்க விரும்பினன்."

ஆறுதல் சொல்லவேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அன்றைக்கே முன்பதிவில்லாமல் பார்க்கும் வோக்-இன் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டொக்டர் பிரஷரை மற்றக் கையிலும் அளந்து பார்த்தார். அவ்வளவு கூடியிருந்தது. அண்ணையோ கோயில் மண்டபத்தில் இருப்பவர்போல ஆறுதலாக இருந்தார். "எனக்கு உடம்புக்கு ஒண்டும் செய்யேல்லை" என்றார்.

குளிசை திரும்பத் தொடங்கியது. பொடி குப்பைக்குப் போனது. பிரஷர் மெல்ல இறங்கியது. ஆனால் அமைதி போகவில்லை. அவர் இன்னும் பின்வளவில் நிற்கிறார். வைத்தியரிடமும் போகிறார், முழங்காலுக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் மட்டும் என்கிறார். மகள் இப்போது அவரோடு இருந்து ஹொக்கி பார்க்கிறாள்.

எனக்கு அண்ணையிலும் வைத்தியரிலும் முழு நம்பிக்கை வரவில்லை. காலையில் குளிசையை அவர் கையில் வைத்து, விழுங்கும்வரை நிற்பேன்.

"நீயும் கொஞ்சம் ஆறுதலா மூச்சு விடன்" என்பார்.

நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.