புலி, சிங்கம், இரட்டைத்தட்டு பஸ்

பஸ் மெக்கானிக்கை நல்ல செய்தி சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை. என்னைப் போலவே நகக்கண்ணிலிருந்து கிறீஸ் போகாத மெக்கானிக்மார் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பதினொரு வருடம் புலியோடு

மொன்றியலுக்கு அகதியாக வந்த புதிதில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் என்ன வேலை என்று அதிகாரி கேட்டார். எங்கள் டிப்போவில் நின்றவை இங்கிலாந்துக் கம்பனி ஒன்றின் பழைய பஸ்கள். அந்தக் கம்பனி சிங்கம், புலி, சிறுத்தை என்றுதான் பெயர் வைக்கும். எங்களிடம் இருந்தவை புலிகள். உள்ளதைச் சொன்னேன்: "பதினொரு வருசம் புலிகளோடைதான் வேலை செய்தனான்."

மொழிபெயர்க்க வந்த சென்னைப் பெண் அப்படியே நிறுத்திவிட்டார். விளங்கவில்லையாக்கும் என்று, "ஒவ்வொரு புலிக்கும் அடியிலை படுத்து எழும்பினனான்," என்றேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், இயக்கப் புலி என்று நினைத்துவிட்டார் என்பது எனக்கு விளங்கியது. பேனையை வாங்கி, சில்லு, ரேடியேட்டர், அதன் மேல் பெயர்த்தகடு எல்லாம் கீறிக் காட்டினேன். அதிகாரி நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சில மாதத்தில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. ஆனால் அன்று வெளியே வரும்போது அந்தப் பெண் மெல்லச் சொன்னது: "அண்ணா, முதல்ல பஸ்ஸுன்னு சொல்லுங்க. அப்புறம் புலின்னு சொல்லுங்க."

இங்கிலாந்துக்கு ஒரு அழைப்பு

துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள சுற்றுலா பஸ் கராஜில் எனக்கு வேலை கிடைத்ததே, அதே கம்பனியின் இரட்டைத்தட்டு பஸ் ஒன்று அங்கே நின்றதால்தான். மாடி பஸ் என்றால் மிருகம் இல்லை, கிரேக்கப் புராணப் பெயர். கம்பனியோ மற்றக் கம்பனிகளோடு சேர்ந்து, அரசாங்கத்தின் கைக்குப் போய், துண்டுதுண்டாக விற்கப்பட்டு முடிந்திருந்தது. மூன்று வருடம் முன்பு தண்ணீர்ப் பம்ப் உடைந்தபோது, முதலாளி பஸ்ஸைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார். ஒரு மாதம் தவணை கேட்டேன்.

விசாரித்து விசாரித்து, இங்கிலாந்தில் அந்தக் கம்பனியின் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு கிழவரைப் போனில் பிடித்தேன். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது வீடுகளாம். அவரிடம் ஒரு பம்ப் இருந்தது, தபாலில் அனுப்பினார். அதைப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டு, அவரைக் கூப்பிட்டுப் போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தேன். கேட்டுவிட்டுக் கிழவர் சொன்னார்: "இன்னும் ஒன்று ஓடுது என்று என் மனைவியிடம் சொல்லவேண்டும். அவ நம்பமாட்டா."

இறங்காத பயணி

போன கோடையில் ஒரு நாள் எஞ்சின் சூடாகிறது என்று நானும் பஸ்ஸோடு போனேன். தேவாலயம் பார்க்க எல்லோரும் இறங்கினார்கள். புறநகரான கர்க்லாண்டிலிருந்து வந்த ஒரு தமிழ் அம்மா மட்டும் இறங்கவில்லை. சாரதி எஞ்சினை நிறுத்தியதும் மேல்தட்டிலிருந்து படியில் வந்து நின்றார். அவருடைய கணவர் பருத்தித்துறைப் பாதையில் இதே கம்பனி பஸ் ஓட்டியவராம். வளைவில் கேட்கும் எஞ்சின் சத்தத்திலேயே கணவர் வருகிறார் என்று தெரிந்து, இந்த அம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவாராம். கனடாவுக்கு இவரும் மகளும்தான் வந்து சேர்ந்தார்கள்.

பிறகு அந்த அம்மா கேட்டார்: "சேர்ச் எங்கையும் ஓடாது. கொஞ்ச நேரம் எஞ்சினைத் திரும்ப ஓட விடுங்கோ, அண்ணை." சாரதியிடம் சொல்லி எஞ்சினைத் திரும்ப ஓடவிட்டேன்.

இந்த நகரத்தைச் சுற்றிக்காட்டும் தொழிலில் இத்தனை வருடம் இருந்தும், மொன்றியலை நான் பார்த்தது பெரும்பாலும் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டுதான்.