சாணையில் நீலமான வளைகத்தி

நண்பர்களே, மரக்கரண்டியின் குழியைக் குடைவதற்கு நான் வைத்திருந்த வளைகத்தி இன்று காலையோடு செத்தது.

பாச்சாங்கில் உள்ள இரும்புக்கடைக்கு உப்புத்தாளும் புதிய குச்சி ஒன்றும் வாங்கப் போயிருந்தேன். உருண்டைக் குச்சி ஒன்றில் தாளைச் சுற்றி, கத்தியின் உள்வளைவை மெல்லத் தேய்ப்பது என் வழக்கம். வாங்கியபோது மழுங்கிக் கிடந்த கத்தியை ஆறு வாரம், மாலைதோறும், அப்படித்தான் கூராக்கினேன். எந்தப் பருமனில் குச்சி வேண்டும் என்று காட்டக் கத்தியைக் கையோடு கொண்டு சென்றது என் பிழை.

"இதுக்கா அங்கிள் இவ்வளவு பாடு? எங்கப்பா நியாலாஸ் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவரு. கத்தின்னா எனக்குத் தெரியும்லா," என்றார் கடைக்காரர். நான் வாய் திறக்குமுன் கத்தி அவர் கைக்குப் போய், மின்சாரச் சாணையில் பொறி பறந்தது.

திரும்பி வந்த கத்தியின் விளிம்பு நீலமாக இருந்தது. சூட்டில் எஃகின் உறுதி போய்விட்டது. இனி நான் கரண்டி குடையும் ரப்பர் மரக்கட்டையில் அழுத்தினாலே அது மடங்கும்.

அதைச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை.

"விடுங்க அங்கிள், மறுபடி தேய்ங்க. வீட்ல வேற யாரு இருக்கா? உங்களுக்கு நேரந்தானே இருக்கு!"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீலம் ஏறிய பகுதி முழுவதையும் கையால் தேய்த்தே நீக்க வேண்டும். இன்னும் ஆறு வாரம் ஆகலாம். வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள். எனக்கு வரும் மின்மடல்களை அன்றன்றே படித்துவிடுவேன். இதுவரை அதற்கு அதிக நேரம் பிடித்ததில்லை.