வராத சட்டத்துக்கு நான் ஒட்டிய சீட்டு

இன்னும் வராத ஒரு சட்டத்துக்கு முன்கூட்டியே கீழ்ப்படிவது நல்ல குடிமகளுக்கு லட்சணமா, அல்லது வெறும் அசட்டுத்தனமா? ஒரு வருஷமாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் பால் வைத்துவிட்டு யோசிக்கிறேன், பால் பொங்கி வழிகிறது. விடைதான் கிடைக்கவில்லை.

எங்களுக்குத் தென்னூரில் ஒரு காப்பித்தூள் கடை இருக்கிறது. முன்பக்கம் கடை, பின்பக்கம் நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறை. என் கணவர் குடகிலிருந்து கொட்டை தருவித்து, தாமே நின்று வறுத்து, மெஷினில் அரைத்து, சூடு ஆறுவதற்குள் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். எந்த வீட்டுக்கு எவ்வளவு வறுவல், எந்தக் கொட்டையில் எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் இருக்கிறது. காகிதத்தில் கிடையாது.

சிக்கரி என்பது ஒரு வேர். அதையும் வறுத்துப் பொடித்துக் காப்பித்தூளோடு கலந்தால் டிகாக்ஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும். எங்கள் வாடிக்கைக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படி இறங்கினால்தான் திருப்தி. அதே முக்கால்வாசிப் பேர் சிக்கரி என்ற பெயரைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். ஆகவே அவர்கள் கேட்பதில்லை, என் கணவரும் சொல்வதில்லை. கடை திறந்த புதிதில் இது எனக்கு உறுத்தலாக இருந்தது. கேட்டபோது, "நாக்கு கேக்கறதைக் குடுக்கறேன், வாய் கேக்கறதை எப்படிக் குடுக்கறது?" என்றார். அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மேலே கேட்கவும் தெரியவில்லை.

என் அப்பா ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் இருக்கிறார். தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். மாப்பிள்ளை கடை திறந்ததும் முதல் பொட்டலம் அவருக்குத்தான் போயிற்று. மரியாதைக்காக, ஒரு சிட்டிகை சிக்கரிகூடச் சேர்க்காத அசல் காப்பித்தூள். இரண்டாம் நாள் அப்பா பஸ் ஏறி வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னடி இது, தண்ணியா இறங்கறது? மாப்பிள்ளை சிக்கரி கிக்கரி கலக்கறாரா?" என்று கேட்டார். என் கணவர் அடுத்த பொட்டலத்தில் கால் பங்கு சிக்கரி போட்டு அனுப்பினார். அப்பா அகமகிழ்ந்து போனார். சுத்தமான காப்பி என்றால் இதுதான் என்று வீதி முழுக்கச் சொன்னார். அவர் வாக்கை நம்பிப் பதினேழு வீடுகள் எங்களிடம் வாங்க ஆரம்பித்தன. பதினேழு வீட்டுக்கும் அப்பாவுக்குப் போகிற அதே தூள்தான். எங்கள் கடை நிற்பதே அந்தப் பதினேழு வீட்டின் மேல்தான் என்று சொன்னால் மிகையில்லை.

இந்த நிலையில்தான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. கலப்புக் காப்பித்தூள் விற்பவர்கள் பொட்டலத்தின் மேல் காப்பி எத்தனை பங்கு, சிக்கரி எத்தனை பங்கு என்று எழுதி ஒட்ட வேண்டும் என்று சர்க்கார் ஒரு விதி கொண்டுவர உத்தேசித்திருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். உத்தேசித்திருக்கிறது என்ற வார்த்தை என் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் என் சுபாவம் அப்படி. ஸ்கூலில் டீச்சர் நோட்டுக்கு அட்டை போடச் சொல்வார் என்று தெரிந்தால் கோடை லீவிலேயே போட்டுவிடுகிறவள் நான். அப்போது பார்த்து என் கணவர் கொட்டை பார்ப்பதற்காகக் குடகுக்குப் போயிருந்தார். வர ஐந்து நாள் ஆகும். அதற்குள் யாராவது இன்ஸ்பெக்டர் வந்துவிட்டால்? குழந்தையை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்வேன்?

வெள்ளைத்தாளைச் சீட்டுச் சீட்டாக நறுக்கினேன். "காப்பி முக்கால் பங்கு, சிக்கரி கால் பங்கு" என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதி, மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆள் எங்களிடம் ஆரம்பம் முதல் இருப்பவர், என்னைவிட இருபது வயது பெரியவர். அவர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "ஏம்மா, யாரும் கேக்கலையே, நாமளா எதுக்குங்க சொல்லணும்?" என்றார். சர்க்கார் கேட்கப் போகிறது என்றேன். "அவங்க கேக்கறப்ப சொல்லிக்கலாமே," என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. பட்டதனாலேயே பயமாக இருந்தது. ஒட்டச் சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே இரண்டு பொட்டலம் திரும்பி வந்தது. கான்வென்ட் ஸ்கூலில் வேலை பார்க்கும் ஒரு டீச்சர் அம்மா, கோபமே இல்லாமல், "நாலு வருஷமா நான் குடிச்சது என்னங்க அப்போ?" என்று கேட்டார். ஒருவர் என்றைக்கு முதல் கலக்க ஆரம்பித்தீர்கள் என்று விசாரித்தார். இன்னொருவர் சிக்கரி என்பது ஏதோ சீமை உரம் என்று நினைத்துக்கொண்டு, கைக்குழந்தைக்காரி குடிக்கலாமா என்று சந்தேகம் கேட்டார். ஓட்டலுக்கு வாங்குகிற சரக்கு மாஸ்டர் மட்டும் சிரித்துக்கொண்டே, "எங்க பொட்டலத்துல முக்காலும் காலும் இடம் மாறும்ங்க, பாத்து எழுதுங்க," என்றார்.

மூன்றாம் நாள்தான் எனக்கு விஷயம் விளங்கியது. எங்கள் தெருவில் இன்னும் மூன்று காப்பித்தூள் கடை உண்டு. அவர்கள் யாரும் சீட்டு ஒட்டவில்லை. சீட்டு இல்லை என்றால் சிக்கரி இல்லை என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். நேற்று வரை எல்லோரும் கலந்தோம், இன்றைக்குக் கலப்படக்காரி நான் ஒருத்திதான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுவல்ல. சனிக்கிழமை ஸ்ரீரங்கத்துப் பொட்டலங்கள் போக வேண்டும். அப்பாவின் பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முதலில் சீட்டே வேண்டாம் என்று வைத்தேன். ஊருக்கெல்லாம் ஒட்டிவிட்டு அப்பாவுக்கு ஒட்டாவிட்டால் அது என்ன நேர்மை என்று தோன்றியது. பிறகு பொடி எழுத்தில் எழுதி அடிப்பக்கம் ஒட்டினேன். அது அதைவிட மோசமாகப் பட்டது. கடைசியில் மற்றதைப் போலவே மேலே ஒட்டி, மற்றப் பதினேழோடு சேர்த்து மெஷின்காரரின் சைக்கிளில் ஏற்றிவிட்டேன். சைக்கிள் தெருமுனை தாண்டியதும் அவரைத் திருப்பிக் கூப்பிட ஓடினேன். குழந்தை அழுதது, திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் வந்து இறங்கினார். சீட்டுகளைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்கப்பா பொட்டலத்துலேயுமா ஒட்டினே?"

"ஒட்டினேன்."

குளித்துவிட்டு வேஷ்டியை மாற்றிக்கொண்டு, "கெளம்பு, போய் ஒத்துண்டுட்டு வந்துடலாம்," என்றார். காவேரிப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது இரண்டு பேரும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தோம். நான் ஆரம்பிப்பது, அவர் முடிப்பது என்று ஏற்பாடு.

அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்து மனிதர்கள் நாலைந்து பேர் ஜமக்காளத்தில். நடுவில் எங்கள் பொட்டலம், என் குண்டு எழுத்து மேலே தெரிய. ஆனால் அப்பா குரலில் கோபம் இல்லை. அவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"நானும் பேப்பர்லே படிச்சேன். இது சர்க்கார் உத்தரவு. கலந்தாலும் எழுதணும், கலக்காட்டாலும் எழுதணும். பஸ்ஸிலே கையை வெளியே நீட்டாதேன்னு எழுதியிருக்கா. அதனாலே நாமெல்லாம் கையை நீட்டிண்டு போறோம்னு அர்த்தமா?"

எதிர்வீட்டு ரிடையர் ஆன போஸ்ட்மாஸ்டர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கால் பங்கு என்று கணக்காகப் போட்டிருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அதுவும் சர்க்கார் கொடுத்த கணக்குதான் என்றார் அப்பா.

"அப்பா, அது வந்து..." என்று ஏற்பாட்டின்படி நான் ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு. உனக்குச் சட்டம் தெரியாது," என்றார் அப்பா. பிறகு போஸ்ட்மாஸ்டர் பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "இந்தத் தூள்லே ஒரு பொட்டு சிக்கரி இருக்குன்னு என் பொண்ணு சொல்லட்டும், அன்னியோட எனக்குக் காப்பியே வேண்டாம். கஞ்சி குடிச்சுக்கறேன்."

அப்பா சொன்னால் செய்கிறவர். வேலையில் இருந்தபோது ஒரு மேலதிகாரியோடு வார்த்தை தடித்து, வெற்றிலையை விடுகிறேன் என்றார். இருபது வருஷமாகத் தொடவில்லை. முடிக்க வேண்டியவரான என் கணவரைப் பார்த்தேன். அவர் கையில் அம்மா கொடுத்த காப்பி இருந்தது. அதையே முடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனேன். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தினமும் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றுகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? "முன்னே உங்கப்பாவுக்கு ஜுரம் வந்தப்போ டாக்டர் ரெண்டு நாள் காப்பி கூடாதுன்னார். அந்த ரெண்டு நாள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்," என்றாள் அம்மா. "உனக்குப் புண்ணியமாப் போறது, நீ பேசாம இரு." எனக்கு நேர்மையைக் கற்றுக் கொடுத்தவளும் இதே அம்மாதான்.

மறுவாரம் தெருவிலுள்ள மற்றக் கடைக்காரர்கள் மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை. ஒரு கடையில் ஒட்டிக் காட்டியாகிவிட்டது, சிரமம் ஒன்றும் இல்லை என்று சர்க்கார் சொல்லிவிடுமே என்பது அவர்கள் கவலை. சீட்டை நிறுத்துவதோடு, நான் இன்டர்மீடியட் படித்தவள் என்பதால், ஆட்சேபணை மனுவையும் நானே இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு பங்கு கலக்கிற சின்னக் கடை எத்தனை விதமான சீட்டு அச்சடிக்க முடியும் என்று உருக்கமாக எழுதினேன். கடைசியில், ஆனாலும் தாம் குடிப்பது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஜனங்களுக்கு உண்டு என்று ஒரு வரி சேர்த்தேன். மூவரில் மூத்தவர் அதைத் தமிழில் சொல்லக் கேட்டுவிட்டு, "அம்மா, நம்ம கட்சிக்கு மட்டும் எழுதுங்களேன்," என்றார். அந்த வரியை அடித்தேன். அடித்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

சீட்டு நின்றதும் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த டீச்சர் அம்மாகூட வந்து, இப்போது நிறுத்திவிட்டீர்கள் போலிருக்கிறது, ருசி வித்தியாசம் தெரிகிறது என்று பாராட்டினார். தூள் அதே தூள்தான். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மெஷின்காரர் மெஷினைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் ஒன்றும் பேச முடியாது.

அப்பா விஷயத்துக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்தச் சமயம் குழந்தைக்குப் பால் மறக்கடித்துக்கொண்டிருந்தேன். ஒரேயடியாக நிறுத்தாமல் ஒவ்வொரு வேளையாகக் குறைத்தேன், அவளுக்குத் தெரியவே இல்லை. அதே மாதிரி அப்பாவின் பொட்டலத்தில் வாரத்துக்கு ஒரு ஸ்பூனாகச் சிக்கரியைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு நாள் அவர் சொல்வதெல்லாம் நிஜமாகிவிடும் அல்லவா? என் கணவர் நம்பிக்கையில்லாமல்தான் சம்மதித்தார். ஐந்தாம் வாரம் அப்பாவிடமிருந்து கார்டு வந்தது. மாப்பிள்ளை சட்டத்துக்குப் பயந்து நிஜமாகவே சிக்கரி கலக்க ஆரம்பித்துவிட்டாரோ என்று சந்தேகமாக இருக்கிறது, இறங்குகிற டிகாக்ஷன் சரியில்லை, போஸ்ட்மாஸ்டர் காதில் விழுவதற்குள் சரி செய்யவும் என்று எழுதியிருந்தார். ஐந்து ஸ்பூனையும் அந்த வாரமே திருப்பிப் போட்டோம்.

இப்போது விதி நிஜமாகவே வரப்போகிறது, பொங்கலுக்குள் வந்துவிடும் என்று பேசிக்கொள்கிறார்கள். வந்தால் சீட்டு ஒட்டித்தான் ஆக வேண்டும். பதினேழு வீடும் மறுபடியும் அப்பாவைத்தான் கேட்கும். அப்பா அதற்குத் தயாராகிவிட்டார். போன வாரம் நேரில் வந்து ஒரு முழுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய அழகான கச்சேரிக் கையெழுத்தில், எங்கள் கடையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வரும் தூளில் சிக்கரி அறவே கிடையாது என்றும், சீட்டு சர்க்கார் உத்தரவுக்காக ஒட்டப்படுவது என்றும் எழுதியிருக்கிறது. கீழே என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார். என் கணவருடையது வேண்டாமாம். வியாபாரி கையெழுத்தை யார் நம்புவார்கள், நீ பொய் சொல்லாதவள் என்று வீதிக்கே தெரியும் என்கிறார்.

இரண்டு வாரம் குழந்தைக்கு ஜலதோஷம் என்று சொல்லித் தள்ளிவிட்டேன். ஜலதோஷம் நிஜம்தான், ஆனால் அதற்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம்? போட்டால், எழுதிக் கொடுத்த பொய். போடாவிட்டால் அப்பா காப்பியை விட்டுவிடுவார், பதினேழு வீடும் எங்களை விட்டுவிடும், அம்மா என்னோடு பேசமாட்டாள். என் கணவரைக் கேட்டால், சீட்டு ஒட்டும்போது என்னைக் கேட்டாயா என்கிறார்.

இதைப் படிக்கும் சகோதரிகளில் யாருக்காவது, முக்கியமாக வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு, ஏதாவது யோசனை தோன்றினால் தயவுசெய்து பத்திரிகை விலாசத்துக்கு எழுதி எனக்குச் சேர்ப்பிக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதா, அப்பாவிடம் சொல்லிவிடுவதா, அல்லது எனக்குத் தோன்றாத மூன்றாவது வழி ஏதாவது உண்டா? கார்டில் மட்டும் எழுத வேண்டாம். சனிக்கிழமைகளில் அப்பா வந்தால் எங்கள் தபாலை முதலில் எடுத்துப் பார்ப்பவர் அவர்தான். கவரில் போட்டு, நன்றாக ஒட்டி அனுப்புங்கள்.