குறுக்குக் கோட்டுக்கு முன்னால்

டோக்கியோவில் நாடாளுமன்றக் குழுக் கூட்டங்களில் சுருக்கெழுத்து எழுதும் கிகுயோவுக்கு ஒரு வினோதமான வரம் உண்டு. கை தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும்; அவள் எங்கோ போயிருப்பாள். கேள்வியும் பதிலும் தூரத்து அலைச்சத்தம்போல் வந்து போகும். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை அமைச்சர்கள் வந்து மழுப்பிவிட்டுப் போனார்கள்! ஒருவர் முகமும் அவள் ஞாபகத்தில் இல்லை.

"அக்கா, இன்னிக்கு எந்த ஊருக்குப் போயிட்டு வந்தீங்க?" என்று உடன் எழுதும் நவோ சீண்டுவாள்.

"வடக்கே. ஒரே பனி."

அமைச்சர் பதில் சொல்லத் திணறினால் குழுத் தலைவர், "எழுத்தை நிறுத்துங்க" என்பார். கிகுயோவின் கை ஒரு குறுக்குக் கோடு போட்டுவிட்டு ஓய்ந்துவிடும். அதிகாரிகள் ஓடிவந்து அமைச்சரின் காதில் ஓதுவார்கள். அந்த நேரத்தில் பேசிய எதுவும் பேசியதாகாது. ஊரே மூச்சடக்கி நிற்பது போன்ற அந்த நிமிடங்கள் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அன்று வளைகுடா மீனில் விஷம் கலந்த விவகாரம். ஆலைக் கழிவு அறிக்கை செப்டம்பரில்தான் கைக்கு வந்தது என்று அமைச்சர் சாதித்தார். எதிர்க்கட்சி உறுப்பினர் குசானோ அம்மாள் விடாமல் குடைந்தார். கூச்சல் எழுந்தது, தலைவர் எழுத்தை நிறுத்தச் சொன்னார்.

கூட்டம் முடிந்து தாளைப் படித்த கிகுயோ திடுக்கிட்டாள். 'ஏப்ரலிலேயே படித்துவிட்டேன்' என்று அமைச்சர் சொன்னதாக இருந்தது. அதற்கு அப்புறம்தான் குறுக்குக் கோடு. நவோவின் தாளில் அந்த இடத்தில் 'கூச்சல்' என்று மட்டும் இருந்தது.

அமைச்சரின் அதிகாரி ஒருவர் குழையக் குழைய வந்தார். "நிறுத்தச் சொன்ன பிறகு சொன்னது அது. எடுத்துடுங்கம்மா. நீங்க கனவு காண்றவங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே. நிறுத்தின பிறகு எழுதினா வேலை போயிடும், பார்த்துக்கோங்க."

கிகுயோ தாளை மறுபடி பார்த்தாள். எவ்வளவு யோசித்தும் பனிதான் ஞாபகம் வந்தது.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை சார்," என்றாள். "நான் கவனிச்சிருந்தா ஒருவேளை தப்பாக் கேட்டிருப்பேன். என் கைக்கு அமைச்சரும் தெரியாது, எதிர்க்கட்சியும் தெரியாது. இருக்கிறபடியே அச்சுக்குப் போகும்."

அதிகாரி வந்த வழியே திரும்பிப் போனார்.

அடுத்த கூட்டத்தில் குசானோ அம்மாள் அச்சான பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். "இது உங்க வார்த்தையா, இல்லையா?"

அமைச்சர் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். அதிகாரிகள் எழுந்தார்கள். தலைவர் அவசரமாக, "எழுத்தை நிறுத்துங்க!" என்றார்.

கிகுயோ கோடு போட்டாள். இந்த முறை அவள் எங்கும் போகவில்லை. அமைச்சர், தன் காதருகே வந்த அதிகாரியைக் கையால் விலக்கினார்.

"வேண்டாம் தலைவரே. அவங்க எழுதட்டும்."

தலைவர் வேறு வழியில்லாமல் தலையசைத்தார்.

"என் வார்த்தைதான்," என்றார் அமைச்சர்.

கிகுயோ எழுதினாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, ஓர் அமைச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.